சவரி என்ற பெயர் பிறந்த வீடு

(வரலாற்று மன்றத்தைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவியர் எழுதியது)

எங்கள் வகுப்பில் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயர் 'சவரி' என்று தொடங்கும். முழுப் பெயரையும் ஆண்டு மலரில் போடவேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. ஆறாம் வகுப்பில் அவள் விடுதிக்கு வந்து சேர்ந்த நாள் முதலாக நாங்கள் அவளைச் 'சவுரிமுடி' என்றுதான் கூப்பிட்டு வந்தோம். அவளும் சிரிப்பாள். ஆகையால் அது அவளுக்கும் வேடிக்கைதான் என்று எண்ணியிருந்தோம்.

இவ்வாண்டு பொதுத் தேர்வுக்கு நாமினல் ரோல் தயாரானபோது, எல்லாரும் தத்தம் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று டீச்சர் கூறினார். அவள் மட்டும் கையெழுத்திடவில்லை. பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்ட பெயரைப் பிறகு மாற்றுவதென்றால் அரசிதழ் வரை போக வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறை வாசலில் நின்றார். "எங்கம்மா பேருங்க சிஸ்டர். அவங்க தவறின வருசந்தான் இது பொறந்துச்சு. அதனால வச்சோம்" என்றார். அவளோ தலை நிமிராமல், "ஆயா பேரு ஆயாவோடவே போவட்டும். சித்தப்பா பையனுக்கு சேவியர்னு வச்சாங்க, அவன யாராச்சும் சிரிக்கிறாங்களா?" என்றாள். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. தாழ்வாரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

சிஸ்டர் அவளுக்கு ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "சிரிச்ச நீங்களே தேடுங்க. அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சு, என்ன அர்த்தம்னு ஒரு வாரத்துல எழுதிட்டு வாங்க" என்றார்கள். நூலகத்திலும், பங்குத் தந்தையிடமும், வயதான சகோதரிகளிடமும் நாங்கள் தேடியும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் எது அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறோம். கூந்தலோடு சேர்த்துப் பின்னும் சவுரிக்கும் இப்பெயருக்கும் யாதொரு உறவும் இல்லை. அந்தச் சவுரி, கவரி, சாமரம் என்ற சொற்களின் இனத்தைச் சேர்ந்தது. குதிரைச் சவாரி பாரசீக மொழியிலிருந்து வந்த சொல். இராமாயணத்தில் இராமனுக்காகக் காத்திருந்த சபரி வேறு. இந்த மூன்றையும் கலந்து அவளைக் கேலி செய்ததில் எங்கள் தமிழறிவும் வெளிப்பட்டுவிட்டது.

'சவரி' என்பது 'சவேரியார்' என்பதன் சுருக்கம். அந்தோனியார் பெயரை வைத்துக்கொண்டவர் அந்தோணி ஆகிறார். சூசையப்பர் பெயரை வைத்துக்கொண்டவர் சூசை ஆகிறார். அவ்வாறே, 'ஆர்' என்னும் மரியாதை விகுதியைப் புனிதருக்கே விட்டுவிட்டு, மீதியை நாம் நம் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டோம். பேச்சில் 'சவேரி' தேய்ந்து 'சவரி' ஆயிற்று. அதனோடு முத்து, ராயன், நாதன், அம்மாள் என்ற தமிழ்ச் சொற்கள் சேர்ந்து சவரிமுத்து, சவரிராயன், சவரிநாதன், சவரியம்மாள் என்ற பெயர்கள் உண்டாயின.

இதுவரை எங்களுக்கு ஓரளவு தெரிந்ததே. ஆனால் சவேரியார் என்பது அந்தப் புனிதருக்குத் திருமுழுக்கில் இட்ட பெயரன்று என்பதை நாங்கள் இப்போதுதான் அறிந்தோம். அவருக்கு இட்ட பெயர் பிரான்சிஸ்கோ. 'சவியேர்' என்பது குடும்பப் பெயர். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு வீட்டின் பெயர்.

நம் ஊரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். ஆனால் ஆரணியிலேயே நம்மோடு படிக்கும் தெலுங்கு பேசும் தோழியரைக் கேட்டால், 'இண்டிபேரு' என்று ஒன்று சொல்வார்கள். இண்டிபேரு என்றால் வீட்டுப் பெயர். சௌராஷ்டிர மொழி பேசும் குடும்பங்களிலும் குடும்பப் பெயர் உண்டு. கேரளத்தில் 'புத்தன்வீட்டில்', 'புத்தன்புரைக்கல்' என்றெல்லாம் பெயரோடு வீட்டின் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். அங்குள்ள 'புத்தன்வீட்டை' நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது தேவைப்படும்.

ஸ்பெயின் தேசத்துக் குடும்பப் பெயர்களில் பல, தந்தையின் பெயரிலிருந்து பிறந்தவை. பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ். ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ். ஆனால் அந்நாட்டின் வடக்கே, பிரினீஸ் மலையடிவாரத்தில் பாஸ்க் என்றொரு இனத்தார் வாழ்கிறார்கள். அவர்களுடைய மொழி ஸ்பானிய மொழிக்கோ, பிரெஞ்சுக்கோ, நாமறிந்த வேறெந்த மொழிக்கோ உறவாகாத தனி மொழி. அவர்களிடையே மனிதனுக்கு வீட்டால் பெயர் வந்தது. ஒருவன் எந்த வீட்டைச் சேர்ந்தவனோ அந்த வீட்டின் பெயரே அவன் பெயர். புனித இஞ்ஞாசியாரின் 'லொயோலா' என்பதும் அவ்வாறு ஒரு வீட்டின் பெயரே.

பாஸ்க் மொழியில் 'எச்சே' என்றால் வீடு. 'பெர்ரி' என்றால் புதிது. நாம் 'புது வீடு' என்று சொல்வதை அவர்கள் 'வீடு புது' என்று மாற்றிச் சொல்வார்கள்: எச்சேபெர்ரி. 'இராமு' என்பது வாயில் 'ராமு' ஆவதுபோல முதல் எழுத்து தேய்ந்தது. வங்காளம் பெங்கால் ஆவதுபோல பகரமும் வகரமும் இடம் மாறின. இப்படி நூற்றாண்டுகளாகத் தேய்ந்து தேய்ந்து எச்சேபெர்ரி 'ஷவியேர்' ஆயிற்று. எச்செவெர்ரியா, சாவர்ரி என்று இன்றும் ஸ்பெயினிலும் தென் அமெரிக்காவிலும் வழங்கும் குடும்பப் பெயர்களும் இதே வேரில் கிளைத்தவைதாம். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: புது வீடு.

இதைப் படித்தபோது எங்களுள் ஒருத்தி மேசையைத் தட்டிவிட்டாள். சவரிமுத்து என்றால் புதுவீட்டு முத்து! சவரியம்மாள் என்றால் புதுவீட்டு அம்மாள்! தேம்பாவணியில் சூசையப்பருக்கு 'வளன்' என்று தமிழ்ப் பெயர் சூட்டிய வீரமாமுனிவரின் வழியில் எவரேனும் சவேரியாரின் பெயரையும் தமிழாக்கியிருந்தால், நாம் இன்று 'புதுமனையார்' திருநாள் கொண்டாடிக்கொண்டிருப்போம்.

அந்த வீடு உண்மையில் ஒரு சிறிய கோட்டை. ஸ்பெயினின் வடக்கில் நவார்ரா என்ற பகுதியில், பாம்ப்லோனா நகருக்குக் கிழக்கே இருக்கிறது. அதன் கோபுரத்தின் மிகப் பழைய பகுதி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. ஆயிரம் ஆண்டு ஆன பிறகும் அதற்குப் பெயர் புது வீடுதான். நம் ஊர்களில் தாத்தா காலத்தில் போட்ட தெருவை இன்னும் 'புதுத் தெரு' என்று சொல்வதில்லையா, அதுபோல.

1506 ஏப்ரல் 7-ஆம் நாள் அந்தக் கோட்டையில் பிரான்சிஸ்கோ கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தை ஹுவான் தே ஹாஸோ, நவார்ரா அரசரின் மன்றத்தில் பெரிய பதவி வகித்தவர். தாய் மரியா தே அஸ்பில்குவெத்தா. இங்கே மாணவியராகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சவியேர் கோட்டை தந்தை வழி வந்ததன்று. அது தாயின் சீதனம். ஆகவே உலகெங்கும் பரவிய இந்தப் பெயர் அவருடைய தாய்வீட்டுப் பெயர். அப்பாவின் பெயரைப் பின்பற்றியிருந்தால் அவரை நாம் 'ஹாஸோ' என்றல்லவா அழைத்திருக்க வேண்டும்!

அந்தப் புது வீடு நிலைத்திருக்கவில்லை. 1512-இல் நவார்ரா அரசைக் காஸ்தீல் படைகள் கைப்பற்றின. 1515-இல் தந்தை இறந்தார். அண்ணன்மார் பழைய அரசரின் பக்கம் நின்று போரிட்டார்கள். அதற்குத் தண்டனையாக, 1516-இல் கோட்டையின் கோபுரங்களை இடித்துத் தள்ளவும் அகழியைத் தூர்க்கவும் கட்டளை வந்தது. அப்போது பிரான்சிஸ்கோவுக்கு வயது பத்து. தம் பெயராக இருந்த வீட்டை வேலையாட்கள் கடப்பாரை வைத்து இடிப்பதை ஒரு சிறுவன் பார்த்துக்கொண்டு நிற்பதை எண்ணிப் பாருங்கள். தாயார் அந்த இடிந்த வீட்டிலேயே குடும்பத்தை நடத்தினார். 1525-இல் மகன் பாரிஸுக்குப் படிக்கப் போனார். அதற்குப் பிறகு தாயை அவர் பார்க்கவே இல்லை. அந்த அம்மையார் 1529-இல் மறைந்தார். இன்று அங்கு நிற்கும் கோட்டை பிற்காலத்தில் பழுது பார்த்துக் கட்டப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் நவார்ரா மக்கள் நம் வேளாங்கண்ணிப் பாதயாத்திரை போலவே அங்கு நடந்து செல்கிறார்கள்.

இனி, எது சரியான உச்சரிப்பு என்ற கேள்விக்கு வருவோம். எங்களுக்கு மிகுந்த வியப்பைக் கொடுத்தது இதுதான். சேவியர் என்றால் நாகரிகம், சவரி என்றால் கிராமம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். எங்கள் தோழியும் அப்படித்தான் எண்ணியிருந்தாள். ஆங்கிலத்தில் 'எக்ஸ்' என்ற எழுத்தில் தொடங்குவதால் ஆங்கிலேயர் அதை இழுத்துச் 'சேவியர்' என்றார்கள். ஆனால் அந்தப் புனிதர் வாழ்ந்த பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் அந்த எழுத்துக்கு 'ஷ' என்ற ஒலியே இருந்தது. பிற்காலத்தில் ஸ்பெயின் நாட்டார் ஒலியையும் மாற்றினர், எழுத்தையும் மாற்றினர். இன்று அவர்கள் 'ஹவியேர்' என்கிறார்கள். போர்த்துகீசியர் இன்றும் 'ஷவியேர்' என்கிறார்கள். இத்தாலியர் 'சவேரியோ' என்கிறார்கள்.

நம் முன்னோர் அந்தப் பெயரைப் போர்த்துகீசியர் வாயிலிருந்து நேரே காதால் கேட்டார்கள். 'ஷ' தமிழில் 'ச' ஆயிற்று. சவேரியார் பிறந்தது. அலமாரி, மேசை, சன்னல், சாவி, பேனா என்று நம் வகுப்பறையில் உள்ள பல சொற்கள் அதே போர்த்துகீசியக் கப்பலில் வந்தவைதாம். ஆகவே எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஆயா 'சவரி' என்று கூப்பிட்டது, ஆங்கிலப் பள்ளியில் சொல்லும் சேவியரைவிட, அந்தத் தாயார் தம் மகனின் வீட்டுப் பெயரைச் சொன்ன ஒலிக்கு அருகில் இருக்கிறது. இதை எங்கள் தோழியிடம் சொன்னபோது, "நெசமாவா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

பெயர் தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது என்பதைப் பாடப் புத்தகத்தில் ஓரளவு படித்திருக்கிறோம். அவர் 1541-இல் லிஸ்பனில் கப்பலேறி, 1542 மே மாதம் கோவா வந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். அங்குள்ள பரதவ மக்கள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1530-களில், திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கற்பிக்க யாரும் இல்லை. அவர் தமிழ் தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழில் மாற்றி மனப்பாடம் செய்தார். மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர் சிறுமியரைக் கூட்டினார்.

1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் பெயரைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. திருமுழுக்குப் பெறுகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப் பெயரை எழுத்தில் எழுதியே கொடுத்ததாக அவர் கூறுகிறார். ஆயிரக்கணக்கான பேருக்கு ஒவ்வொரு பெயராக எழுதிக் கொடுத்த அந்தக் கையை நினைத்துப் பார்க்கிறோம். அக்கரையில் பர்னாந்து, ரொட்ரிகோ போன்ற போர்த்துகீசியப் பெயர்கள் இன்றும் குடும்பப் பெயர்களாக வழங்குவது யாவரும் அறிந்ததே. அந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர் வழிவந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவை திருமுழுக்குத் தொட்டியருகே கிடைத்த பெயர்கள்.

ஆனால் அவர் யாருக்கும் 'சவேரி' என்று பெயர் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். தம் கடிதங்களின் அடியில் தம் பெயரைப் 'பிரான்சிஸ்கோ' என்று மட்டுமே எழுதுவது அவர் வழக்கம். தாய்வீட்டுப் பெயரை அவர் பெரிதாகப் பாராட்டிக்கொள்ளவில்லை. 1552 டிசம்பர் 3-ஆம் நாள், சீனக் கரைக்கு அருகிலுள்ள சான்சியான் தீவில், ஒரு குடிசையில் இறந்தார். 1622-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அதன் பிறகே கோவிலுக்கும், ஊருக்கும், குழந்தைக்கும் சவேரியார் பெயர் பெருகிற்று. கோட்டாற்றில் அவர் பெயரால் பேராலயம் இருக்கிறது. டிசம்பர் 3 அன்று குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. பாளையங்கோட்டையில் 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி இருக்கிறது. சவேரியார்புரம் என்ற பெயரில் ஊர்கள் இருக்கின்றன. கோவாவில் உள்ள அவர் திருவுடலைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பொதுமக்கள் காண வைப்பார்கள். கடைசியாக 2024 நவம்பரில் தொடங்கி 2025 ஜனவரி வரை வைத்தார்கள்.

கடலைப் பாராத நம் பக்கத்துக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. இயேசு சபைக் குருக்கள் மதுரையிலிருந்தும், பின்னர் கர்நாடகப் பகுதியிலும் உள்நாட்டில் நடந்து பணியாற்றியபோது தங்கள் சபையின் முதல் பெரும் போதகரின் பெயரையும் கொண்டுவந்தார்கள். பின்வந்த பிரெஞ்சுக் குருக்கள் காலத்திலும் அது மறையவில்லை. ஆரணியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், சேத்துப்பட்டு லூர்து அன்னை கோவில் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போன குடும்பங்களிலும் முந்தைய தலைமுறையில் ஒரு சவரிமுத்தாவது ஒரு சவரியம்மாளாவது இருந்திருப்பார்கள். எங்கள் தோழியின் ஆயா அவர்களில் ஒருவர். சிஸ்டர் ஒருவர் சொன்னதுபோல, இப்போது ஞானஸ்நானப் புத்தகத்தில் இந்தப் பெயர் அரிதாகிவிட்டது. வேறு நவீனப் பெயர்கள் வந்துவிட்டன.

மற்ற நாடுகளில் இது எப்படிப் பரவியது என்று எழுதினால் இடம் போதாது. மூன்று பேரை மட்டும் சொல்கிறோம். முதலாமவர் ஜெரோம் சேவியர். இவர் புனிதரின் உறவினர், பேரன் முறை. ஆனால் பிறப்பால் அவருக்கு வேறு குடும்பப் பெயர் இருந்தது. இயேசு சபையில் சேர்ந்தபோது தாமே இதை எடுத்துக்கொண்டார். 1595 முதல் அக்பர் அரசவையில் இருந்து, பாரசீக மொழியில் இயேசுவின் வரலாற்றை எழுதினார். இரண்டாமவர் சிலி நாட்டுப் பெண்மணி ஹவியேரா கர்ரேரா. சவேரியார் பெயரைப் பெண்பாலாக்கினால் ஸ்பானிய மொழியில் ஹவியேரா. 1812-இல் அந்நாட்டின் முதல் தேசியக் கொடியைத் தம் கையால் தைத்தவர் இவரே என்று அந்நாட்டார் போற்றுகிறார்கள். நூலும் துணியுமாக வாழும் ஆரணிப் பெண்களுக்கு இவரைப் பிடிக்கும் என்று நினைக்கிறோம்.

மூன்றாமவர் இத்தாலியில் பிறந்த அன்னை கப்ரினி. பிறந்தபோது அவர் பெயரில் சவேரியோ இல்லை. கன்னியர் வார்த்தைப்பாடு கொடுத்தபோது, சவேரியார் போலக் கிழக்கே சென்று பணியாற்ற வேண்டும் என்ற ஆசையால் அந்தப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ஆனால் திருத்தந்தை பதின்மூன்றாம் லெயோ அவரைக் கிழக்கே அனுப்பாமல் மேற்கே போகச் சொன்னார். 1889-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்து, ஏழைக் குடியேறிகளுக்காகப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அநாதை இல்லங்களும் நிறுவினார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களில் முதன்முதலாகப் புனிதர் பட்டம் பெற்றவர் அவரே. அது 1946-இல். எங்கள் தோழி விட்டுவிட எண்ணிய பெயரை அந்த அம்மையார் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பதை அவளிடம் சொல்லாமல் இருக்க எங்களால் முடியவில்லை.

வாரம் முடிந்தது. நாங்கள் எழுதியதைச் சிஸ்டர் வகுப்பில் படிக்கச் சொன்னார்கள். படிப்பதற்கு முன் நாங்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். நான்கரை ஆண்டாகச் சிரித்தது எங்களுக்கு வேடிக்கை, அவளுக்கு அல்ல என்பதை அவள் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னாள். அவள் அழவில்லை, எங்களில் இருவர் அழுதோம்.

பெயரை மாற்றிக்கொள்வதும் வைத்துக்கொள்வதும் உன் விருப்பம், யாரும் வற்புறுத்த மாட்டோம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போய்விட்டு ஞாயிறு மாலை திரும்பினாள். அப்பாவிடம் என்ன பேசினாள் என்று நாங்கள் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை ஆபீஸ் அறையில் நாமினல் ரோலைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டாள். ஆங்கிலத்தில் பெயரை எப்படி எழுதுவது என்று எழுத்தர் கேட்டார். 'எக்ஸ்' போட்டால் பார்வைக்கு நன்றாக இருக்குமே என்று நாங்கள் சன்னல் வழியே சொன்னோம். "வேணாம் சார். எங்க ஆயாவைக் கூப்பிடற மாதிரியே இருக்கட்டும், எஸ் போடுங்க" என்றாள்.

இப்போது அவளுக்கு விடுதியில் 'புதுவீடு' என்று பெயர். அதற்கும் முறைக்கத்தான் முறைக்கிறாள். ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.